ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால்

ஸ்லோட்டன், அயோவா
செப்டம்பர் 8, 1986

ஆர்லிஸ்,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். கெர்ரிட்டுக்கு முட்டிவலி குறையவில்லை. சோளம் நன்றாக வந்திருக்கிறது, விலைதான் வரவில்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைத் தவிர உனக்கு நான் எதுவும் எழுதி ஆறு வருடம் ஆகிறது. இப்போது எழுதுவதும் ஒரு உதவி கேட்டுத்தான். மழை, தோட்டம் என்று நாலு பத்தி ஓட்டிவிட்டுக் கடைசியில் அதைக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மே மாதம் பட்டம் வாங்கினேன். வேதியியல். பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டைவிட்டுப் போனபிறகு பக்கத்து ஊர்க் கல்லூரிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் முடித்தேன். ஐம்பத்தோரு வயதில் மேடையேறினபோது பின்னாலிருந்து ஒரு பையன், "இது யாரோட அம்மா?" என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

இனி மேற்படிப்பு. நிலத்தடி நீர். நீ போனபிறகு இங்கே ஹாஃப்ஸ்ட்ரா வீட்டில் கைக்குழந்தை ஒன்று நீலமாகிப் போனது. கிணற்றுத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வயலுக்குப் போட்ட உரம் கிணற்றில் இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அது என் மடியில்தான் இருந்தது. பிழைத்துவிட்டது, இப்போது பள்ளிக்கூடம் போகிறது. ஆனால் எந்த வயலின் தண்ணீர் எந்த வழியாக அந்தக் கிணற்றுக்கு வந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கு அதே கேள்விதான்.

இந்தப் படிப்பில் விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு பேராசிரியர் "இவரை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்ல வேண்டுமாம். எங்கள் கல்லூரி ஆசிரியர் சொன்னார். ஜூனில் வேறொரு பல்கலைக்கழகத்தில் இருக்கும் டாக்டர் லிண்ட்க்விஸ்ட் என்பவருக்கு எழுதினேன். கோடை முடிந்துவிட்டது. பதில் இல்லை. நீ நிலவியல் துறை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறாய். அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறவள். அவர்கள் இந்தக் கடிதங்களை என்ன செய்வார்கள்? நான் இன்னும் காத்திருக்க வேண்டுமா?

போனில் கேட்டிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் கேட்க வந்தது மறந்துபோகும்.

டெனா

*

பிட்ஸ்பர்க்
செப்டம்பர் 17

டெனா அக்கா,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே பிரித்தேன். பட்டம் வாங்கியிருக்கிறாய். அதற்கு ஒரு வரி எனக்கு எழுதக்கூடாதா? சரி, இப்போது எழுதியிருக்கிறாய்.

லிண்ட்க்விஸ்டுக்காகக் காத்திருக்காதே. அவர் உன் கடிதத்தைப் படித்தே இருக்க மாட்டார். என் மேசைக்கு எதிரே ஹீட்டருக்கு அடியில் ஒரு ஆப்பிள் பெட்டி இருக்கிறது. "மதிப்புக்குரிய ஐயா" என்று தொடங்குகிற கடிதம் எல்லாம் அதில்தான். ஊர் ஊராக, நாடு நாடாக வந்து விழும். எங்கள் பேராசிரியர்கள் கெட்டவர்கள் இல்லை. "ஆர்லிஸ், அப்புறம் பாக்கறேன், அங்க வை" என்பார்கள். அந்த அப்புறம் வந்து நான் பார்த்ததில்லை. வருஷக் கடைசியில் கட்டித் தூக்கிப் போடுகிறவள் நான்.

எனவே கேள். ஒரே பக்கம் எழுது. உன் கேள்வி முதல் பத்தியிலேயே இருக்கட்டும். எழுதுகிறவருடைய கட்டுரை ஒன்றையாவது படித்திருக்கிறாய் என்று அதில் தெரிய வேண்டும். அடுத்த செப்டம்பருக்கு மாணவர் எடுக்கிறீர்களா, உதவித்தொகை உண்டா என்று நேராகக் கேட்டுவிடு. கூச்சப்படாதே, எல்லோரும் கேட்பார்கள். எட்டுப் பேருக்கு ஒரே வாரத்தில் அனுப்பு. பதில் வராவிட்டால் ஒரு மாதம் பார்த்துவிட்டு இன்னொரு முறை தட்டு.

உதவி கேட்டாய், செய்துவிட்டேன். இனி என் பேச்சு.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். ஹாஃப்ஸ்ட்ரா வீட்டுக் குழந்தை எப்படி இருக்கிறது என்று இருக்கிறது. நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. என் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ரேவுக்கு பஸ் கம்பெனியில் அன்றைக்குத்தான் விடுமுறை. ஞாயிறு கர்த்தருடைய ஓய்வுநாள், அன்று பயணம் செய்ய மாட்டேன் என்று நீ வரவில்லை. சரி, ஏற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனை திங்கள்கிழமை வந்தது அக்கா?

ஆர்லிஸ்

*

ஸ்லோட்டன்
செப்டம்பர் 29

ஆர்லிஸ்,

நீ கேட்டது நியாயம். எழுதலாம் என்று பேனாவை எடுத்து, "எழுதினால் அவள் என்ன நினைப்பாளோ" என்று மூடி வைத்த நாட்கள் இருக்கின்றன. அது பதில் ஆகாது என்பதும் தெரியும்.

நீ சொன்ன மற்றதெல்லாம் செய்கிறேன். எட்டுப் பேர் என்பது மட்டும் என்னால் முடியவில்லை. "உங்களிடம் படிக்க விரும்புகிறேன்" என்று ஒருவருக்கு எழுதி ஒட்டிய கையோடு இன்னொருவருக்கும் அதையே எழுதுவதா? கெர்ரிட் அறுவடைக்கு ஒரு ஆளைப் பேசினால் பேசினதுதான். அதே ஆள் அடுத்த பண்ணையிலும் போய் "உங்ககிட்டத்தான் வேலை செய்வேன்" என்று சொல்லியிருந்தால் நம் ஊரில் அவனுக்கு என்ன பெயர்? இரண்டு பேர் "வா" என்று சொல்லிவிட்டால் ஒருவரிடம் போய், நான் சொன்னது மெய்யில்லை என்று சொல்ல வேண்டி வரும். ஒருவருக்கு எழுதி, பதில் வந்தபிறகு அடுத்தவருக்கு எழுதுவதுதான் எனக்கு முறையாகத் தெரிகிறது.

கெர்ரிட்டிடம் கேட்டேன். முள்கரண்டியைக் கீழே வைத்தார். "நான் ஒரே ஒரு பொண்ணுகிட்டதான் கேட்டேன்" என்றார். அப்புறம் உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

எழுதிய கடிதம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். திருத்திக் கொடு. ரே எப்படி இருக்கிறார்? நீ எப்படி இருக்கிறாய்? முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கடைசியில் கேட்கிறேன், பொறுத்துக்கொள்.

டெனா

*

பிட்ஸ்பர்க்
அக்டோபர் 8

அக்கா,

நாலு பக்கம். முதல் பக்கத்தில் ஞானஸ்நானம் எடுத்தது, இரண்டாம் பக்கத்தில் பிள்ளைகள், மூன்றாம் பக்கத்தில் நம் போதகர் உன்னைப் பற்றிச் சொன்னது. தண்ணீர் நாலாம் பக்கத்தில்தான் வருகிறது. அதற்குள் அந்த மனிதர் நீ சர்ச் கூரைக்கு நன்கொடை கேட்கப் போகிறாய் என்று முடிவு கட்டியிருப்பார். நாலாம் பக்கத்தில், ஊருக்கு மேற்கே உள்ள கிணறுகள் எல்லாம் கெட்டிருக்க, கிழக்கே ஒன்று மட்டும் ஏன் கெட்டது என்று கேட்டிருக்கிறாயே, அங்கே தொடங்கு. மற்றதைக் கிழித்துவிடு. கிழிக்க மனசு வராவிட்டால் எனக்கு அனுப்பு, நான் வைத்துக்கொள்கிறேன்.

எட்டுப் பேர் விஷயம். அத்தான் ஒரு பெண்ணிடம்தான் கேட்டார், சரி. கன்றுக்குட்டி வாங்கப் போனால்? நாலு பண்ணையில் நின்று பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு வருவாரா மாட்டாரா? "மாணவர் எடுக்கிறீர்களா" என்று கேட்பது விசாரணை. வாக்கு இல்லை. யாராவது "வா" என்று சொன்னபிறகு நீ சொல்கிற "சரி" இருக்கிறதே, அதுதான் வாக்கு. அதை ஒருவரிடம் மட்டும் சொல். இதில் பொய் எங்கே இருக்கிறது?

ரே எப்படி இருக்கிறார் என்று கேட்டாய். தெரியாது. போன வருஷம் ஏப்ரலில் போய்விட்டார். சண்டை கூட இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு, "வரட்டுமா ஆர்லிஸ்" என்றார், ஷிஃப்டுக்குப் போகிற மாதிரி. விவாகரத்தும் முடிந்துவிட்டது. ஸ்லோட்டனில் யாருக்கும் நான் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை பண்ணின கல்யாணம் பின்ன எப்படி இருக்கும்" என்று சர்ச் வாசலில் பெப்பர்மிண்டைச் சப்பிக்கொண்டே சொல்வார்கள். நீ சொல்ல மாட்டாய். ஆனால் நினைப்பாய். நீ நினைப்பது எனக்கு இங்கேயே கேட்கும்.

ஆர்லிஸ்

*

ஸ்லோட்டன்
அக்டோபர் 24

ஆர்லிஸ்,

உன் கடிதத்தை நிலவறையில் தக்காளி பாட்டில்களுக்கு நடுவில் நின்று படித்தேன். மேலே கெர்ரிட், "டெனா, கீழ என்ன பண்ற?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

நான் நினைப்பது உனக்குக் கேட்கும் என்றாய். கேட்டிருக்காது, அதனால் எழுதுகிறேன். சாயங்காலம் நீ சாப்பாட்டுக்கு உட்காரும்போது எதிரே யாரும் இல்லையே என்று நினைத்தேன். ஒன்றரை வருடமாக இல்லை, அது எனக்குத் தெரியாமலே நான் ஜெபத்தில் உங்கள் இருவர் பேரையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

கன்றுக்குட்டி விஷயத்தைக் கெர்ரிட்டிடம் படித்துக் காட்டினேன். "அவ சொல்றது சரிதான்" என்றார். ஆறு பேருக்கு எழுதிவிட்டேன். எட்டு இல்லை, ஆறு. ஆறு பேருடைய கட்டுரைகள்தான் நூலகம் வழியாக வந்து சேர்ந்தன. படிக்காதவருக்கு எழுத மாட்டேன். ஒவ்வொன்றும் ஒரே பக்கம். கிழித்த மற்றப் பக்கங்களை உனக்கு அனுப்பவில்லை, அடுப்பில் போட்டுவிட்டேன்.

போன செவ்வாய் சர்ச் மூப்பர்கள் வீட்டுச் சந்திப்புக்கு வந்தார்கள். மூப்பர் வான் ஸ்வோல் காப்பியை ஆற்றிக்கொண்டே, "சிஸ்டர், படிப்பு ஆசை நல்லதுதான். ஆனா கெர்ரிட்டுக்கு யாரு சமைப்பா?" என்றார்.

"எனக்கு முட்டை வேக வைக்கத் தெரியும்" என்றார் கெர்ரிட்.

"தினமுமா?"

"கோழி தினமும்தான போடுது."

கெர்ரிட் நல்லவர். ஆனால் ஆர்லிஸ், ஒரு கட்டுரையில் மண்ணுக்கடியில் தண்ணீர் திரும்பும் இடத்தைப் படம் போட்டிருந்தார்கள். கிழக்குக் கிணற்றுக்கு விடை அதில் இருக்கலாம் என்று தோன்றியது. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எழுந்து வெளியே வந்தேன். களத்தில் நாய் மட்டும் இருந்தது. அதனிடம் சொன்னேன்.

பாதாம் ரொட்டிச் சுருள் ஒன்று செய்து அனுப்பியிருக்கிறேன். உடையாமல் வர வேண்டும்.

டெனா

*

பிட்ஸ்பர்க்
நவம்பர் 12

அக்கா,

உடைந்துதான் வந்தது. கரண்டியால் அள்ளி, கழுவுதொட்டிப் பக்கத்திலேயே நின்று தின்றேன். வீடு முழுக்க அம்மா வீட்டு வாசனை. அது போய்விடக் கூடாது என்று ஜன்னலைத் திறக்காமல் வைத்திருந்தேன், கீழ்வீட்டுக்காரி வந்து "என்ன சமையல்?" என்று கேட்கிறவரைக்கும்.

ஆறு பேரில் யாராவது பதில் போட்டார்களா? "மன்னிக்கவும், இந்த ஆண்டு எடுக்கவில்லை" என்று வந்தால் மனசை விடாதே. அதையாவது எழுதினார்களே என்று அர்த்தம். இங்கே என் ஆட்கள் அதுகூட எழுதுவதில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து அந்த ஆப்பிள் பெட்டியைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறது. நேற்று டாக்டர் கிம்பலிடம், "இதுல யாரோட அக்காவாவது இருக்கலாம், ரெண்டு வரி சொல்லுங்க, நான் டைப் அடிச்சு அனுப்பறேன்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் சொன்னார். ஒரே மூச்சில் இருபது பேருக்கு அனுப்பினேன். எல்லாம் "இல்லை"தான். இருந்தாலும் அனுப்பினேன்.

மற்ற நாளெல்லாம் ஓடிவிடுகிறது. ஞாயிறுதான் நகர மாட்டேன் என்கிறது. போன் அடித்தால்கூட அன்றைக்கு நான் எடுப்பதில்லை. எதையாவது விற்கிறவனாக இருப்பான், இல்லையென்றால் ரே. இரண்டு பேரிடமும் எனக்கு வாங்க ஒன்றும் இல்லை.

ஆர்லிஸ்

*

ஸ்லோட்டன்
டிசம்பர் 9

ஆர்லிஸ்,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அப்போதுதான் எனக்கே புரியும்.

ஆறு பேரில் இரண்டு பேர் "இல்லை" என்று எழுதினார்கள். ஒருவர் உதவித்தொகை இல்லை என்றார். இரண்டு பேர் எழுதவே இல்லை. மின்னசோட்டாவிலிருந்து டாக்டர் ஓஸ்ட்பி என்கிற அம்மா மட்டும் கையால் எழுதியிருந்தார்கள். கிழக்குக் கிணற்றைப் பற்றி மூன்று கேள்வி கேட்டிருந்தார்கள். பதில் எழுதினேன். மறுபடி கேட்டார்கள். மறுபடி எழுதினேன். உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் கை நழுவிவிடும் என்று ஒரு பயம்.

நேற்று முன்தினம் ஞாயிறு. காலை ஆராதனை முடிந்து, மாலை ஆராதனைக்கு முன்னால், சாப்பாட்டு மேசையில் இருந்தோம். போன் அடித்தது. வியாதியாக இருக்கிறவர்கள் யாராவது கூப்பிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் எடுப்போம். டாக்டர் ஓஸ்ட்பி.

"மிஸஸ் ரோலஃப்ஸ், ஒரே ஒரு இடம் இருக்கு. நாளைக்குக் காலைல கமிட்டி. நீங்க வர்றீங்கன்னு இப்பவே சொல்லிட்டா உங்க பேரைக் கொடுத்துடறேன்."

ஆர்லிஸ், அந்த "சரி" என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அதுதான் வாக்கு என்று நீயே எழுதியிருந்தாய். கொடுக்கல் வாங்கல், பேச்சு முடிப்பது, ஒப்பந்தம், எதையும் நான் கர்த்தருடைய நாளில் செய்ததில்லை. பசுவை விற்றதில்லை, வேலைக்காரனை வைத்ததில்லை.

"டாக்டர், இன்னைக்கு ஓய்வுநாள். வாக்குக் கொடுக்கறதை நான் இன்னைக்கு வச்சுக்கறதில்லை. நாளைக்குக் காலைல முதல் வேலையா நானே கூப்பிடறேன்" என்றேன்.

"உங்க வீட்டுக்காரர் பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டார்கள்.

"இருக்கார்" என்றேன்.

"சரிம்மா. புரியுது" என்று வைத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை அலுவலகம் திறக்கும்போதே கூப்பிட்டேன். டாக்டர் ஓஸ்ட்பியின் குரல் ரொம்பவும் இரக்கமாக இருந்தது. அதிலேயே தெரிந்துவிட்டது. "வீட்டுக்காரர் ஒத்துக்கலைன்னு நினைச்சேன். அவர் முன்னாடி சொல்ல முடியாம, மரியாதையா மறுக்கறீங்கன்னு எடுத்துக்கிட்டேன். நேத்தே இன்னொரு பையனைக் கூப்பிட்டுப் பேசி முடிச்சுட்டேன்" என்றார்கள். அந்தப் பையன் உடனே "சரி" சொல்லிவிட்டானாம்.

கெர்ரிட்டிடம் சொன்னேன். "நான் பாட்டுக்கு கிரேவிக் கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றார். பிறகு தொழுவத்துக்குப் போனவர் இருட்டும்வரை வரவில்லை.

யார் மேலும் கோபப்பட இடமில்லை. அந்த அம்மா கெட்டது நினைக்கவில்லை. அந்தப் பையன் ஒரு தப்பும் செய்யவில்லை. நாளைக்கே ஞாயிறாக இருந்து போன் அடித்தாலும் நான் அதையேதான் சொல்வேன். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. வருத்தப்படுகிறேன், ஆனால் மனந்திரும்ப முடியவில்லை. இதைப் போதகரிடம் சொன்னால் பாராட்டுவார். எனக்கு இன்று பாராட்டு வேண்டாம்.

டெனா

*

பிட்ஸ்பர்க்
டிசம்பர் 15

அக்கா,

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். உன்னை மாதிரி ஒரு பிடிவாதக்காரியைப் பெற்றுவிட்டு அம்மா எப்படி நிம்மதியாகக் கண்ணை மூடினாளோ. "வந்துடறேன் டாக்டர், விவரமெல்லாம் நாளைக்குப் பேசலாம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மாடு கிணற்றில் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை தூக்குவீர்கள். நீ விழுந்தால் திங்கள்வரை கிடக்க வேண்டுமா?

அந்த அம்மாவுக்கு நீ செய்ததைத்தான் எனக்கும் செய்தாய். என் கல்யாணத்தன்று பஸ் கம்பெனி ஹாலில் கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கடைசி நிமிஷத்தில் வந்துவிடுவாய் என்று. கல்யாணப் படங்களில் ஒன்றிலும் என் முகம் நேராக இல்லை. ரே கேட்டார், "யாரைத் தேடற?" என்று. யாரையும் இல்லை என்றேன். அவரும் நீ என்னை வெறுக்கிறாய் என்றுதான் எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன் அக்கா. உன் கடிதத்தைப் படிக்கிறவரைக்கும். உனக்கு எது ரொம்பவும் வேண்டுமோ, அதற்கும் நீ இதையேதான் சொல்வாய் என்று இப்போதுதான் தெரிகிறது.

மேசையிலேயே அழுதுவிட்டேன். டாக்டர் கிம்பல் எட்டிப் பார்த்துவிட்டு, காப்பி கொண்டுவந்து வைத்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

சரி, வேலைக்கு வருவோம். எங்கள் துறையில் இந்த வருஷம் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். டாக்டர் பெட்ராகிஸ். நிலத்தடி நீர்தான். யார் எழுதினாலும் பதில் போடுகிறார், பாவம், இன்னும் பழகவில்லை. அவருடைய கட்டுரைகள் இரண்டை உறையில் வைத்திருக்கிறேன். படித்துவிட்டு எழுது. ஜனவரி பாதிக்குள் வந்து சேர வேண்டும்.

இந்த ஊருக்கு எழுதச் சொல்வதில் எனக்கும் ஒரு ஆசை இருக்கிறது. மறைக்கவில்லை. என் வீட்டில் இரண்டாவது அறை சும்மாதான் கிடக்கிறது.

ஆர்லிஸ்

*

ஸ்லோட்டன்
ஜனவரி 5, 1987

ஆர்லிஸ்,

உன்னை நான் வெறுக்கவில்லை. ஒருநாளும் இல்லை. இதை வாக்காக எழுதுகிறேன், இன்று திங்கட்கிழமை.

அந்த இரண்டு கட்டுரைகளையும் படித்தேன். இரண்டாவதில் அவர் தண்ணீர் நேராக இறங்குவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார். எங்கள் மண்ணில் அது செல்லுமா என்று கேட்டு ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். கடைசி வரியில், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எதையும் பேசி முடிப்பதில்லை, அது மறுப்பு என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் எழுதினேன். கெர்ரிட் அதற்குக் கீழே, "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். நான் உன் அக்கா என்று அவரிடம் சொல்லாதே. என் கடிதத்தை மேலே எடுத்து வைக்காதே. அது எந்த இடத்தில் விழுந்ததோ அங்கேயே கிடக்கட்டும்.

இங்கே பனி. பால் வண்டியைத் தவிர சாலையில் ஒன்றும் இல்லை. அந்த இரண்டாவது அறை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது?

டெனா

*

பிட்ஸ்பர்க்
பிப்ரவரி 3

அக்கா,

நான் எதையும் தொடவில்லை. உன் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது. மற்றவையோடு சேர்த்து அவருடைய பெட்டியில் போட்டேன். போட்டபிறகு அரைநாள் டைப் அடித்ததெல்லாம் தப்பு.

நேற்று டாக்டர் பெட்ராகிஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். நான் எழுதி வைத்திருந்த தகவல் சீட்டு ஒன்றை இன்னொரு கையில் பிடித்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நம் இரண்டு பேருக்கும் மிஸ் பௌமாதான் எழுத்துக் கற்றுக்கொடுத்தது, நினைவிருக்கிறதா? அந்த வளைந்த வால்கள்.

"அயோவாவுல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. இது யாரு, உங்க சொந்தமா?" என்றார்.

நீ சொல்லாதே என்றாய். பொய் சொல் என்று சொல்லவில்லை.

"என் அக்கா" என்றேன்.

இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை என்று சொன்னபிறகுதான் தெரிந்தது.

அவருடைய பதில் உனக்குத் தனியாக வரும். நான்தான் டைப் அடித்தேன், அதனால் எனக்குத் தெரியும். முன்கூட்டிச் சொல்வது முறையில்லை. ஆனால் தனியாக நின்று பிரிக்காதே. அத்தானைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

அறை தெற்கே பார்த்திருக்கிறது. மத்தியானம் வெயில் வரும். ரேவின் பெட்டி இருந்த இடத்தைக் கூட்டித் துடைத்துவிட்டேன்.

ஆர்லிஸ்

*

ஸ்லோட்டன்
பிப்ரவரி 17

ஆர்லிஸ்,

வந்தது. கெர்ரிட் பக்கத்தில் நின்றார், நாயும் நின்றது. இந்த ஆண்டு அவரிடம் உதவித்தொகை இல்லை. அடுத்த ஆண்டு கிடைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது. செப்டம்பரில் திரும்ப எழுதுங்கள், உறுதி எதுவும் தர முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். கீழே பேனாவால், எங்கள் மண்ணில் தண்ணீர் நேராக இறங்காது என்று நான் சொன்னது சரியாக இருக்கலாம், அதை யோசித்துக்கொண்டிருப்பதாக ஒரு வரி. அதை நீ டைப் அடிக்கவில்லை, அதனால் உனக்குத் தெரிந்திருக்காது.

ஆக, இன்னும் ஒரு வருடம். கெர்ரிட், "முட்டை வேக வைக்கப் பழக இன்னும் நேரம் கிடைச்சுது" என்றார். சிரித்தேன். அப்புறம் அடுப்பங்கரைக்குப் போய்ச் சிரிக்காமல் இருந்தேன். செப்டம்பரில் எட்டுப் பேருக்கும் ஒரே வாரத்தில் எழுதுவேன். உன் ஊர்க்காரருக்கு முதலில்.

இன்னொன்று. நேற்று முன்தினம், ஞாயிற்றுக்கிழமை, இரண்டு ஆராதனைக்கும் நடுவில் கெர்ரிட் நாற்காலியில் தூங்கிவிட்டார். வெளியே வெறும் வெள்ளை. எனக்கு உன் ஞாயிற்றுக்கிழமை நினைவு வந்தது. போனை எடுத்து உன் எண்ணைச் சுற்றினேன். முடிக்க ஒரு பேச்சும் இல்லை, கேட்க ஒரு உதவியும் இல்லை. வியாதிக்காரரைப் பார்ப்பதும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் அந்த நாளில் தடையில்லை. இதுவும் அந்தக் கணக்கில்தான் வரும் என்று தோன்றியது.

மணி அடித்தது. நீ வெளியே போயிருந்தாய் போலிருக்கிறது. உடனே வைக்க மனம் வரவில்லை. உன் வீட்டில் எனக்குத் தெரியாத ஒரு மேசையில், எனக்குத் தெரியாத ஒரு சுவர்ப் பக்கத்தில் அது அடிக்கிறது என்று கேட்டுக்கொண்டே நின்றேன். அப்புறம் வைத்துவிட்டேன்.

டெனா

*

பிட்ஸ்பர்க்
பிப்ரவரி 23

அக்கா,

நான் வீட்டில்தான் இருந்தேன்.

சமையலறையில் உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமையாயிற்றே என்று நான் எழுந்திருக்கவில்லை. நிற்காமல் அடித்தது. விற்கிறவன் இவ்வளவு பொறுமையாக அடிக்க மாட்டானே என்று தோன்றியது. ரேவுக்கும் இவ்வளவு பொறுமை கிடையாது. எனக்குத் தெரிந்த எல்லோரையும் ஒவ்வொருவராக யோசித்துப் பார்த்தேன், உன்னைத் தவிர. அது நின்றபிறகு வீட்டில் இருந்த அமைதி என்னவோ மாதிரி இருந்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. அதற்குள் நடுவில் ஒரு ஞாயிறு போய்விட்டது. நேற்று நீ திரும்பக் கூப்பிட்டாயா என்று தெரியவில்லை, கீழ்வீட்டுக்காரியோடு கடைக்குப் போயிருந்தேன்.

வருகிற ஞாயிறு நான் எங்கேயும் போகவில்லை. உன் காலை ஆராதனை முடிந்து, அத்தான் சாப்பிட்டுத் தூங்கியபிறகு கூப்பிடு. பேச ஒன்றும் இல்லாவிட்டால் பரவாயில்லை, கிழக்குக் கிணற்றைப் பற்றிச் சொல். நாயிடம் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து சொல்.

நாற்காலியைப் போன் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டால் பயந்துவிடாதே.

ஆர்லிஸ்